நடுவர்க்குக் கூலி அளப்பவர் யார்?

நாகர்கோயிலுக்கும் குமரிமுனைக்கும் இடைப்பட்ட பெருவழியில் அமைந்த பேரூர் கொட்டாரம். அகத்தீசுவரம் வட்டத்தைச் சார்ந்த அவ்வூரின் பெயர்க்கு அரண்மனை என்றொரு பொருளும் நெற்களஞ்சியம் என்றொரு பொருளும் உண்டு. வயலும் குளமும் தென்னையுமாய்ச் செழித்த நாஞ்சில் நாட்டிற்கு இவ்விரு பொருளும் பொருந்துவனவே. அவ்வூர்க்குத் தொலைவிலன்றிக் கடலோரமாய் உப்பளங்கள் உள்ளன. ஒருபுறம் நெல், மறுபுறம் உப்பு. நெல்லைக் குறிக்கும் 'சம்பு' என்னும் சொல்லும் உப்பைக் குறிக்கும் 'அளம்' என்னும் சொல்லும் சேர்ந்தே 'சம்பளம்' பிறந்தது என மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் விளக்குவார். கூலமாகக் கொடுத்தது கூலி. நெல்லும் உப்புமாக அளந்தது சம்பளம். உழைத்தவனுக்கு உலையில் இடவேண்டியதை அளந்து கொடுப்பதே ஊதியம் என்னும் தெளிவு தமிழனின் சொல்லிலேயே பொதிந்து கிடக்கின்றது.

களத்துமேட்டில் நின்றவர்க்கு ஓர் உண்மை தெரியும். கதிரில் அரிவாள் படுமுன்னரே கூலி பேசப்பட்டாக வேண்டும்; அறுத்து முடித்தபின் பேசும் கூலி வல்லவன் வகுத்த கூலியாகவே முடியும். இன்னோர் உண்மையும் தெரியும். குவித்த நெல்லை அளப்பவன் யாரிடம் கூலி பெறுகின்றான் என்பதைப் பொறுத்து மரக்காலின் விளிம்பும் உயரலாம், தாழலாம். அளப்பவன் நேர்மையாளனாகவே இருக்கலாம். ஆயினும், அவன் கூலியை ஒரு பக்கத்தார் மட்டும் வரையறுத்தால் மறுபக்கத்தாரின் ஐயத்தை யாரும் தடுக்க முடியாது. நெல்லளப்பவனுக்கே இந்நெறி என்றால், வழக்களக்கும் நடுவர்க்கு எத்துணைக் கண்டிப்பாக இந்நெறி இருத்தல் வேண்டும்!

முழுநேர நடுவர்க்கு இவ்வகையில் ஓரளவு காப்பு இருக்கின்றது. அவர்க்குரிய சம்பளத்தை ஆராய ஆணையம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, வீடு உண்டு, ஊர்தி உண்டு. ஆனால், பகுதிநேரமாக இருந்து வழக்குத் தீர்ப்போரின் நிலை என்ன? அவர்களின் ஊதியத்தை வரையறுப்பவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு வரையறுக்கின்றனர்? இவ்வினாக்களுக்கு இந்நாட்டில் ஒழுங்கான விடை இல்லை. ஒரே நயன்மைக் கட்டடத்தின் மேல்மாடத்தில் ஓர் அளவும், நடுக்கூடத்தில் ஓர் அளவும், திண்ணையில் ஓர் அளவுமாக மூன்று மரக்கால்கள் புழங்குகின்றன.

மூன்று மரக்கால்கள்

மேல்மாடத்தை முதலிற் காண்க. உயர் அறமன்றத்தில் ஓய்வுபெற்ற நடுவரையே மீண்டும் சிறிது காலத்திற்கு அமர்த்திக்கொள்ள அரசமைப்புச் சட்டத்தின் 224-அ உறுப்பு இடந்தருகின்றது. 1963-ஆம் ஆண்டின் பதினைந்தாம் திருத்தம் அதனைச் சேர்த்தது. நெடுங்காலம் ஏட்டளவிலேயே கிடந்த அவ்வுறுப்பிற்கு 2021-ஆம் ஆண்டு ஏப்பிரலில் உச்ச அறமன்றம் உயிரூட்டியது. 2025 சனவரியில் அதன் கட்டுகளை மேலும் தளர்த்தியது. அவ்வாறு அமர்த்தப்படும் நடுவர்க்குரிய ஊதியம் யாது? நிலையான நடுவர் பெறும் அதே சம்பளமும் படிகளும். அவர் பெறும் ஓய்வூதியம் மட்டும் கழிக்கப்படும். நிலையான உயர் அறமன்ற நடுவரின் திங்கட் சம்பளம் 2016 முதல் 2,25,000 உருபா. இது தெளிவான அளவு. ஒரே இருக்கைக்கு ஒரே ஊதியம். இரட்டை வருவாய் இல்லை. இதில் குறைகாண ஏதுமில்லை.

அடுத்து நடுக்கூடம். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாலைநேர அறமன்றங்களுக்கான கருத்துரு ஒன்றை ஒன்றிய அரசின் சட்டத்துறை முன்வைத்தது. 785 மாவட்ட அறமன்றங்களில் வேலைநாள்தோறும் மாலை 5 மணி முதல் 9 மணி வரை சிறு வழக்குகளை உசாவுதல். அதற்கு ஓய்வுபெற்ற நடுவரை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துதல். அவர் இறுதியாகப் பெற்ற சம்பளத்தில் 50 விழுக்காட்டையும் அகவிலைப்படியையும் ஊதியமாக அளித்தல் என்பது அதன் சாரம். வழக்குரைஞர் கழகங்கள் பல அதனை எதிர்த்தன. எதிர்ப்பின் ஏனைய கூறுகள் நிற்க. ஊதிய அளவை மட்டும் காண்போர்க்கு ஓர் ஐயம் எழும். பாதிச் சம்பளம் என்னும் கணக்கு எங்கிருந்து வந்தது? நான்கு மணி நேரத்திற்குப் பாதி என்றால் அது நேரக் கணக்கு. ஓய்வூதியம் பொதுவாக இறுதிச் சம்பளத்தின் பாதியாகலின், அதனோடு இதனையும் சேர்த்து முழுமையாக்கும் கணக்கென்றால் அது வருவாய்க் கணக்கு. இரண்டில் எது என்று சொல்லாத அளவை அளவு என்று எவ்வாறு கொள்வது?

இனித் திண்ணைக்கு வருக. பெரும்பான்மைத் தமிழர் ஒரு நாளும் எண்ணிப் பாராத இடம் அது. ஆனால், அவர்தம் பிள்ளைகளின் வாழ்வு தீர்க்கப்படும் இடமும் அதுவே.

இளையோர் வாரியத்தின் இரண்டு நாற்காலிகள்

பதினெட்டு அகவை நிரம்பாத பிள்ளை ஒருவன்மேல் குற்றம் சாட்டப்படுமாயின், அவ்வழக்குப் பொது அறமன்றத்திற்குச் செல்வதில்லை. 2015-ஆம் ஆண்டின் இளையோர் நயன்மைச் சட்டப்படி அமைந்த வாரியத்திற்குச் செல்லும். அவ்வாரியத்தில் மூவர் உளர். ஒருவர் முதன்மை நடுவர்; மூன்றாண்டுப் பட்டறிவேனும் உடைய குற்றவியல் நடுவர். ஏனைய இருவரும் குமுகப் பணியாளர். அவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும். பிள்ளைகளின் நலவாழ்வு, கல்வி, நலப்பணி ஆகியவற்றில் ஏழாண்டேனும் ஈடுபட்டவரோ, உளவியல், உளமருத்துவம், குமுகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவரோதாம் அவ்விருக்கையில் அமர முடியும்.

இவர்களை வெறும் அறிவுரைஞர் என்று எண்ணிவிடல் கூடாது. மூவரும் சேர்ந்ததே அறமன்ற ஆயம். குற்றவியல் நடுவர்க்குரிய அதிகாரம் அவ்வாயத்திற்கு உண்டு. கருத்து வேறுபடுமாயின் பெரும்பான்மையே செல்லும். அஃதாவது, குமுகப் பணியாளர் இருவர் ஒருமுகமாக நின்றால், சட்டம் பயின்ற முதன்மை நடுவரின் கருத்தையும் கடந்து தீர்ப்பு வழங்க முடியும். பெரும்பான்மை அமையாதபோதுதான் முதன்மை நடுவரின் கருத்து மேலோங்கும். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு அகவைக்கு மேற்பட்ட பிள்ளையின் உளநிலையையும் உடல்நிலையையும் சூழ்நிலையையும் முதற்கண் மதிப்பிட வேண்டியதும் இவ்வாரியமே. அவனை வளர்ந்தோனாகக் கருதி வழக்கு நடத்துவதா, பிள்ளையாகக் கருதித் திருத்துவதா என்னும் பெருவினா அம்மதிப்பீட்டைப் பற்றியே நிற்கின்றது. ஒரு பிள்ளையின் எஞ்சிய வாழ்நாள் முழுதும் அந்த ஒரு மதிப்பீட்டில் தொங்குகின்றது என்பது மிகையன்று.

இத்துணைப் பொறுப்பைச் சுமப்பவர்க்கு அளக்கப்படும் கூலி யாது? 2016-ஆம் ஆண்டின் மாதிரி நெறிமுறைகள், அமர்வு ஒன்றுக்கு 1,500 உருபாவுக்குக் குறையாத படி என்று வகுத்தன. அதே நெறிமுறைகள், வழக்குக் குறைவாக இருந்தாலன்றி, வாரியம் வேலைநாள்தோறும் ஆறு மணி நேரமேனும் அமர வேண்டும் என்றும் வகுத்தன. கணக்கிடுக: மணிக்கு 250 உருபா. திங்களுக்கு 20 அமர்வுகள் என்று கொண்டால் 30,000 உருபா. அதே வாரியத்தில் அருகே அமர்ந்திருக்கும் குற்றவியல் நடுவரின் தொடக்கநிலை அடிப்படைச் சம்பளம் மட்டுமே 77,840 உருபா. இரண்டாம் நயன்மை ஊதிய ஆணையம் பரிந்துரைத்து உச்ச அறமன்றம் ஏற்ற அளவு அது. 2016 சனவரி முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுவது. அந்நெறிமுறைகள் வகுத்த குறைந்த அளவின்படி குமுகப் பணியாளர் பெறுவது அதில் ஐந்தில் இரண்டு பங்கினும் குறைவு. அமர்வு நடவாத நாளில் அதுவும் இல்லை. ஓய்வூதியம் இல்லை. வீட்டில் இருந்து ஏடுகளைப் படித்த இரவுக்குக் கணக்கே இல்லை.

ஆனால், கடமையில் மட்டும் குறைவு இல்லை. ஆண்டின் அமர்வுகளில் முக்காற் பங்கிற்கேனும் வாராதவர் நீக்கப்படுவார் என்று சட்டம் அச்சுறுத்துகின்றது. முக்காற் பங்கு நாள்களை வாரியத்திற்குக் கொடுத்தபின் வேறு தொழில் எதனை ஒழுங்காகச் செய்ய முடியும்? பெயர் பகுதிநேரம், சுமை முழுநேரம், கூலி மட்டும் நாட்கூலி!

கொட்டாரத்தைச் சார்ந்த ஓர் ஆசிரியையை எண்ணிப் பார்க்க. தனியார் பள்ளியில் இருபதாண்டு பணியாற்றியவர். இடைநின்ற பிள்ளைகளை மீண்டும் பள்ளிக்கு அழைத்துவரும் தொண்டில் தோய்ந்தவர். எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை எதனால் கெட்டது என்பதை அறிந்தவர். இப்படிப்பட்டவரையே சட்டம் தேடுகின்றது. ஆனால், அவர் வாரிய இருக்கையை ஏற்க வேண்டுமானால் நிலையான பள்ளிச் சம்பளத்தை விட வேண்டும். நாகர்கோயிலுக்குப் பேருந்தேற வேண்டும். படி எப்பொழுது வரும் என்று காத்திருக்க வேண்டும். அவர் மறுத்துவிட்டால் குற்றம் அவருடையதா? அவர் அமர்ந்திருக்க வேண்டிய நாற்காலியில் வேறொருவர் அமர்வார்: ஊதியம் தேவைப்படாத செல்வரோ, பெயர்ப்பலகை தேடுபவரோ, கட்சிக்காரர் பரிந்துரைத்தவரோ! அதன் விலையைக் கொடுப்பது வாரியத்தின் முன் நிற்கும் பிள்ளை.

கூலியில்லா நடுவர் என்னும் பழங்கனவு

'நடுவுநிலைமை ஓர் அறம். அறத்திற்குக் கூலி கேட்கலாமா? தொண்டு என்றெண்ணிச் செய்யட்டுமே' என்பார் உளர். நல்லெண்ணத்தில் பிறந்த கூற்றே. ஆயினும் வரலாறு அதனை ஏற்கவில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டைத் தமிழர் பெருமையோடு பேசுவர். முதற் பராந்தகன் காலத்தில், 921-ஆம் ஆண்டளவில், குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த நெறி அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளது. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் வாரியத்திற்கு ஆகார் என்றெல்லாம் விலக்கிய அக்கண்டிப்பு இன்றைய நாட்டிற்கும் பாடமாகும். ஆனால், அதே கல்வெட்டின் மறுபக்கத்தையும் மறைக்காமல் பார்த்தல் வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவனே குடவோலைக்கு உரியவன். மறையோதியவனாயின் அரைக்கால் வேலியும் போதும். அது பார்ப்பனச் சதுர்வேதிமங்கலத்தின் அவை. நிலமற்ற உழவனுக்கும் கைவினைஞனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. நிலம் உடையவனுக்கு ஊதியம் தேவையில்லை. ஊதியம் தேவைப்படுபவனுக்கு இருக்கை இல்லை. கூலியில்லாப் பதவி எப்பொழுதும் உடையவர் பதவியாகவே முடியும்.

ஆங்கிலேயர் காலத்து மதிப்புறு நடுவர் முறையும் அத்தகையதே. சம்பளமின்றிச் சிறு குற்ற வழக்குகளைத் தீர்க்கப் பெருநிலக்கிழாரையும் பெருவணிகரையும் அரசு அமர்த்தியது. ஊதியத்திற்கு மாறாக அவர்க்குக் கிடைத்தது ஊரார் வணக்கமும் வெள்ளையராட்சியின் நல்லெண்ணமும். அவ்விரண்டுமே ஒருவகைக் கூலிதாம். உருபாவில் எண்ண முடியாத கூலி. எண்ண முடியாத கூலிக்குக் கணக்குக் கேட்கவும் முடியாது.

பண்டைக் கிரேக்கத்து ஏதென்சு நகரோர் இவ்வுண்மையை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டனர். அங்குக் குடிமக்களே பெருங்கூட்டமாக அமர்ந்து வழக்குத் தீர்ப்பர். அவர்க்கு நாளொன்றுக்கு இரண்டு ஓபல் காசு கொடுக்கும் வழக்கத்தைப் பெரிக்கிளீசு கொணர்ந்தார். பின்னர்க் கிளியோன் அதனை மூன்றாக உயர்த்தினார். செல்வர் அதனை எள்ளினர். ஆயின், அக்காசு இல்லாதிருந்தால் செருப்புத் தைப்பவனும் படகு வலிப்பவனும் அவ்வவையில் அமர்ந்திருக்க மாட்டார். ஏழையை நடுவனாக்கியது அறவுரையன்று; மூன்று ஓபல்.

நாஞ்சில் நாடு கண்ட நாற்காலிகள்

இருவேறு பணிகளை ஒருவரே ஏற்பதில் எழும் இடர்ப்பாட்டை நாஞ்சில் நாடு இருநூறாண்டுகளுக்கு முன்னரே கண்டிருக்கின்றது. 1818-இல் நாகர்கோயிலுக்கு வந்த இலண்டன் மறைப்பணிக் கழகத்தைச் சார்ந்த சார்லசு மீடு என்பாரை, திருவிதாங்கூரின் ஆங்கிலப் பேராளராக இருந்த மன்றோ, நாகர்கோயில் அறமன்றத்தின் நடுவராகவும் அமர்த்தினார். காலையில் மறையுரைஞர், அதன்பின் நடுவர். ஒடுக்கப்பட்ட மக்கட்கு அது ஒருவகையில் துணையாயிற்று எனலாம். ஆயினும், சமயம் பரப்புவோர் அரசுப் பதவியில் அமர்வது முறையன்று என அவரை அனுப்பிய கழகத்தாரே கருதினர். ஏறத்தாழ ஓராண்டில் அவர் அப்பதவியை விட்டார். அவர் தீர்ப்பில் கோட்டம் இருந்தது என்பதற்காக அன்று; இரண்டு கடமைகளுக்கு உரியவர் எதற்கு உரியவராய்த் தீர்க்கின்றார் என்னும் ஐயம் எழும் என்பதற்காக. பகுதிநேர நடுவரின் சிக்கல் முழுதும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றது. ஊதியம் போதாமையால் வேறு தொழிலை நாடுபவர், அவ்வேறு தொழிலின் வாடிக்கையாளரையே ஒருநாள் தம் முன்னிலையில் காண நேரும்.

இன்னொரு செய்தியும் குமரி மக்கள் நன்கறிந்தது. நாகர்கோயில் அறமன்றத்தில் உயர்த்தப்பட்ட வகுப்பு வழக்குரைஞர்க்கு நாற்காலியும் ஏனையோர்க்கு முக்காலியும் இடப்பட்ட இழிவை எதிர்த்து நின்றவர் வழக்குரைஞர் நேசமணி. பின்னாளில் குமரியைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தி, 1956 நவம்பர் முதல் நாள் அதன் வெற்றியைக் கண்டவரும் அவரே. அறமன்றத்தில் யார் எந்த இருக்கையில் அமர்வது என்பது வெறும் மரப்பொருட் செய்தியன்று. அது மதிப்பின் அடையாளம். இன்று முக்காலி கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால், ஒரே வாரியத்தில் ஒரே தீர்ப்பில் கையெழுத்திடும் மூவருள் ஒருவர்க்குச் சம்பளமும் இருவர்க்கு அமர்வுப் படியும் என்றால், முக்காலி வாரியத்திற்குள்ளேயே வந்துவிட்டது என்பதன்றி வேறென்ன?

கூலி வழக்கின் முடிவைப் பற்றி நிற்றல் கூடாது

ஊதியம் போதுமானதாக இருந்தால் மட்டும் போதாது. அஃது எதனைப் பற்றிக் கணக்கிடப்படுகின்றது என்பதும் முதன்மையானது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலத்தில், சிற்றூர்த் தலைவரே நடுவராக இருந்து மது வழக்குகளைத் தீர்த்தார். குற்றம் மெய்ப்பட்டுத் தண்டம் இட்டால் மட்டுமே அவர்க்கு வழக்குச் செலவுத் தொகை கிடைக்கும். ஒரு வழக்கில் 100 தாலர் தண்டம் இட்டு, அதன்வழி 12 தாலரைத் தாம் பெற்றார். விடுவித்திருந்தாலோ ஒன்றும் இல்லை. 1927-இல் அந்நாட்டு உச்ச அறமன்றம் அம்முறை செல்லாது என்றது. தம் முடிவில் தமக்கே பணநலம் உடைய ஒருவர் முன் நிறுத்தப்படுவது முறையான உசாவலே ஆகாது என்பது அதன் கருத்து.

இந்நாட்டில் அத்துணை வெளிப்படையான கேடு இல்லை என்று மனம் நிறைந்துவிடல் கூடாது. அமர்வுக்கு இவ்வளவு என்னும் முறையிலும் அதன் நிழல் உண்டு. அமர்வு கூடினால் படி கூடும். அதனால், ஒரே அமர்வில் முடிக்கத்தக்க வழக்கு மூன்று அமர்வுக்கு நீள்கின்றதோ என்னும் ஐயம் நேர்மையாளர் மேலும் படியும். இதற்கு மாறாக, முடித்த வழக்குக்கு இவ்வளவு என்றால், பிள்ளையின் சொல்லை முழுதும் கேளாமல் கோப்பை மூடும் விரைவு வந்துவிடும். ஒன்று காலத்தாழ்வுக்குக் கூலி. மற்றொன்று விரைவுக்குக் கூலி. இரண்டும் நடுவுநிலைமைக்குக் கூலியல்ல. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். அக்கோலின் எந்தத் தட்டிலும் நடுவரின் உணவு வைக்கப்பட்டிருத்தல் ஆகாது.

நுகர்வோர் மன்றங்களில் கண்ட பாடம்

போதாத ஊதியம் என்ன செய்யும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டந்தோறும் அமைந்த மன்றங்களில், மாவட்ட நடுவராதற்குரிய தகுதி உடைய தலைவரோடு வேறு உறுப்பினர் இருவரும் அமர்ந்தனர். அவ்வுறுப்பினர்க்கு மதிப்பூதியம் என்னும் பெயரால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட சிறு தொகைகள் அளக்கப்பட்டன. அம்மன்றங்களின் நிலையை ஆராய உச்ச அறமன்றம் அமர்த்திய அரிசித்து பசாயத்துக் குழு 2016-இல் அறிக்கை அளித்தது. உறுப்பினரின் தகுதி குன்றியிருப்பதற்கு, ஊதியம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டுத் தகுதியுடையோரை ஈர்க்கவியலாத அளவு குறைந்திருப்பதும் ஒரு கரணியம் என அக்குழு கண்டது. அவ்வாண்டு நவம்பரில் உச்ச அறமன்றம் ஒருசீரான மாதிரி நெறிமுறைகளை வகுக்குமாறு கட்டளையிட்டது. 2019-இல் புதுச்சட்டம், 2020-இல் ஊதியத்திற்கான மாதிரி நெறிமுறைகள். முப்பதாண்டு கழித்தே அம்மன்றங்களுக்கு மரக்கால் வந்தது! வாங்கிய பொருளுக்கு ஈடு கேட்கும் வழக்கிற்கே இஃது உண்மையென்றால், பிள்ளையின் வாழ்வைத் தீர்க்கும் வாரியத்திற்கு எத்துணை உண்மை!

அளவை வகுக்க வேண்டியவர் அரசா?

இந்நாட்டில் மிகப்பெரிய வழக்காளி அரசே. குற்ற வழக்கில் குற்றம் சாட்டுவது அரசு. நில எடுப்பு வழக்கில் எதிர்நிற்பது அரசு. வரி வழக்கிலும் அரசே. அவ்வரசே நடுவரை அமர்த்துகின்றது. அவ்வரசே அமர்வுப் படியை வரையறுக்கின்றது. அவ்வரசின் அலுவலகமே பட்டியலைச் சரிபார்த்துப் பணத்தை விடுக்கின்றது. இளையோர் வாரியத்தின் முன் பிள்ளையைக் கொண்டுவருவதும் அரசின் காவல்துறையே. ஒரு கட்சிக்காரர் கையில் மரக்காலையும் களஞ்சியத் திறவுகோலையும் ஒருங்கே கொடுத்துவிட்டு அளவு நேராக இருக்கும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

கனடாவின் உச்ச அறமன்றம் 1997-இல் இவ்வினாவிற்கு விடை கூறியது. மாகாண நடுவரின் சம்பளத்தை அரசு தானாகவே குறைக்கவோ கூட்டவோ கூடாது. நடுவரும் அரசோடு பேரம் பேசக் கூடாது. இரண்டுக்கும் இடையே ஒரு தற்சார்பான ஆணையம் ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். அரசு அதனை ஏற்காவிடில் தக்க கரணியம் கூற வேண்டும் என்றது. இந்தியாவிலும் முழுநேரக் கீழ்மன்ற நடுவர்க்கு 1996-இல் செகந்நாத செட்டி தலைமையிலும், பின்னர் வேங்கடராம ரெட்டி தலைமையிலும் ஊதிய ஆணையங்கள் அமைந்தன. அவை ஆராய்ந்தது நிலையான நயன்மைப் பணியாளரின் ஊதியத்தையே. வாரியத்தின் இரண்டு நாற்காலிகள் அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றன.

பகுதிநேர நடுவரின் உரிமையை இங்கிலாந்தில் நிலைநாட்டியவர் ஓபிரையன் என்னும் வழக்குரைஞர். 1978 முதல் 2005 வரை அவர் நாட்கட்டணத்திற்குப் பகுதிநேர நடுவராகப் பணியாற்றினார். அக்கட்டணம் மனம்போன போக்கில் வகுக்கப்பட்டதன்று. முழுநேர நடுவரின் ஆண்டுச் சம்பளத்தில் 220-இல் ஒரு பங்கு. ஆனால், ஓய்வூதியம் மட்டும் மறுக்கப்பட்டது. 2012-இல் ஐரோப்பிய அறமன்றமும் 2013-இல் அந்நாட்டு உச்ச அறமன்றமும் அவர் பக்கம் தீர்ப்பு வழங்கின. பகுதிநேரம் என்பது காலத்தின் அளவேயன்றி மதிப்பின் அளவன்று என்பது அவ்வழக்கின் பாடம்.

பணத்திற்கு எங்கே போவது?

'மாநிலத்தின் கருவூலம் தாங்குமா?' என்று கேட்கலாம். முறையான கேள்வியே. ஆனால், அதனைக் கேட்க வேண்டியது வாரிய உறுப்பினரிடம் அன்று, ஒன்றிய அரசிடம். சட்டம் இயற்றுவது தில்லி. கருத்துரு அனுப்புவது தில்லி. நாள்தோறும் செலவைச் சுமப்பது மாநிலம் என்னும் முறையிலேயே நயன்மைத் துறையின் பெரும்பகுதி நடக்கின்றது. பதின்மூன்றாம் நிதி ஆணையம் 2010 முதல் 2015 வரைக்கும் நயன்மைத் துறைக்கு 5,000 கோடி உருபா ஒதுக்கியது. அதில் பாதி, 2,500 கோடி, காலை மாலை அறமன்றங்களுக்கும் சிறப்பு நடுவர்க்கும் என்றே ஒதுக்கப்பட்டது. ஆனால், ஒதுக்கீடு முழுமையாகச் செலவாகவே இல்லை. ஐந்தாண்டில் முடியும் பணத்தை நம்பி நிலையான மன்றத்தை யார் அமைப்பர்? பணம் இல்லாமை மட்டும் சிக்கலன்று. தொடர்ந்து வரும் என்னும் உறுதி இல்லாமையே சிக்கல். வரியைத் திரட்டும் உரிமை தில்லியில் குவிந்திருக்க, அறமன்றத்துச் செலவு மட்டும் மாநிலத்தின் தலையில் என்னும் முறை மாறாதவரை, நாட்கூலி நடுவர் நிலையும் மாறாது.

எல்லார்க்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதும் இங்குக் கூறப்படவில்லை. முதன்மை நடுவர்க்குச் சட்டப் பயிற்சியும், வாரியத்திற்கு வெளியே வேறு வழக்குச் சுமையும், இடமாற்றத் தொல்லையும் உண்டு. அவர்க்கு மிகுதியான ஊதியம் முறையே. வேறுபாடு இருக்கலாம், அவ்வேறுபாட்டிற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும் என்பதே வேண்டுகை.

மொழியறிந்த நடுவர்

இவ்விரு நாற்காலிகளுக்கும் தமிழர் கவலைகொள்ள வேறொரு கரணியமும் உண்டு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழித் தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் கீழ்மன்றங்களிலும் தமிழுக்கு இடம் வகுத்தது. ஆயினும், கோப்புகளின் மொழி ஒன்று, கூண்டில் நிற்பவனின் மொழி ஒன்று என்னும் நிலை இன்னும் முற்றிலும் மாறவில்லை. வாரியத்தின் முன் நிற்கும் பிள்ளையும் அருகே அழுதுகொண்டு நிற்கும் தாயும் பேசுவது நாஞ்சில் நாட்டுத் தமிழ். அவ்வட்டாரத்தின் சொல்லும் தொனியும் வேற்றூரிலிருந்து மாற்றலாகி வந்த நடுவர்க்கு உடனே விளங்குவதில்லை. அச்சத்தில் பிறந்த மழுப்பலையும் குற்றத்தில் பிறந்த மழுப்பலையும் பிரித்தறிய உள்ளூர்க் காது வேண்டும். அக்காது குமுகப் பணியாளருடையது. தேரூரில் பிறந்த கவிமணி, வழக்காடியே அழிந்த நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களை மருமக்கள்வழி மான்மியத்தில் படம்பிடித்துக் காட்ட முடிந்தது அம்மண்ணின் பேச்சை அவர் அறிந்திருந்ததால். அவ்வறிவுக்கு 2016-ஆம் ஆண்டின் மாதிரி நெறிமுறைகள் வைத்த குறைந்த விலை மணிக்கு 250 உருபா!

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பகுதிநேர நடுவரின் நாளூதியம் முழுநேர நடுவரின் ஆண்டுச் சம்பளத்தில் வரையறுத்த ஒரு பங்காக இருத்தல் வேண்டும். அச்சம்பளம் உயரும்போது இதுவும் தானே உயரும். ஒவ்வொரு முறையும் கையேந்த வேண்டுவதில்லை.

இரண்டாவதாக, அமர்வு எண்ணிக்கை எதுவாயினும் ஒரு குறைந்த திங்களூதியம் உறுதியாதல் வேண்டும். ஏடு படிக்கும் நேரத்திற்கும் தீர்ப்பெழுதும் நேரத்திற்கும் போக்குவரவுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

மூன்றாவதாக, தண்டித்தல், விடுவித்தல், முடித்த வழக்கின் தொகை ஆகிய எதனோடும் ஊதியம் பிணைக்கப்படுதல் கூடாது.

நான்காவதாக, ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு தற்சார்பான மாநில ஆணையம் அளவை ஆராய்தல் வேண்டும். அதன் பரிந்துரையை அரசு மறுத்தால், அக்கரணியத்தைச் சட்டமன்றத்தில் எழுத்தில் வைத்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, உயர் அறமன்றச் செலவைப் போல் இவ்வூதியமும் மாநிலத் தொகுநிதியின்மேல் சுமத்தப்பட்ட செலவாதல் வேண்டும். குறித்த நாளில் அது வந்து சேர்தல் வேண்டும். காலந்தாழ்த்துக் கொடுக்கும் கூலி பாதிக் கூலி.

ஆறாவதாக, தக்க ஊதியம் பெறுபவர்க்குத் தக்க கட்டும் வேண்டும். தம் தொழிலோடு தொடர்புடையார் வழக்கில் அமராமை, பிற வருவாயை ஆண்டுதோறும் பதிவேட்டில் வெளிப்படுத்தல், ஓய்வூதியம் பெறுவோர்க்கு அதனைக் கழித்தல் ஆகியன எல்லா அடுக்கிலும் ஒன்றாதல் வேண்டும். உரிமை கேட்போர் கணக்குக் காட்டவும் அஞ்சார். அது உத்தரமேரூர் கற்பித்த பாடம். அதில் நிலவுடைமைப் பகுதியை நீக்கி நேர்மைப் பகுதியைக் கொள்வதே இற்றைத் தமிழர் கடமை.

ஆவின் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும், தவறிய தீர்ப்புக்காக அரியணையில் உயிர்விட்ட பாண்டியனையும் மேடைதோறும் முழங்குவது எளிது. அவர்கள் நயன்மைக்குக் கொடுத்த விலை உயிர். இற்றை அரசு கொடுக்க வேண்டிய விலை நேரான ஊதியம் மட்டுமே. அதனையும் கொடுக்க மனமின்றி அறத்தின் பெயரால் இலவய உழைப்பை வேண்டுவது அறமன்று, சிக்கனமும் அன்று.

நாகர்கோயிலுக்குப் புறப்படும் காலைப் பேருந்தில், கொட்டாரத்து நிறுத்தத்தில், அந்த ஆசிரியை ஏறுவாரா மாட்டாரா என்பது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அவர் ஏறினால் ஒரு பிள்ளையின் சொல் கேட்கப்படும். ஏறாவிட்டால் அவன் கோப்பு மட்டும் படிக்கப்படும். அளப்பவர் கையை நேராக்க வேண்டுமாயின், முதலில் அவர்க்கு அளக்கும் மரக்காலை நேராக்குக!